முறைப்பாட்டு இலக்கம்

3ஆம் இலக்க முகாம்
20.02.2025

அன்பின் றாஹிலா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகள் றிபாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். எனக்கு இந்த ஊர்த் தண்ணீர் மட்டும் வயிற்றோடு ஒத்துப்போகவில்லை. மற்றப்படி குறையில்லை.

போனில் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். பெரிய அலுவலகத்துக்குப் போகும் நாளில்தான் இங்கே நெட் கிடைக்கும். நீயும் அப்படியே எழுது. றிபாவிடம் போனைக் கொடுக்காமல் நீயே அனுப்பப் பழகு.

மருதமுனையில் எல்லோரும் நான் ஆபிரிக்காவில் துவக்கோடு நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். யூ.என். பொலிஸ் என்றால் தலையில் நீலத் தொப்பி, கையில் பேனை. அவ்வளவுதான். என் கண்முன்னால் ஒருவன் களவெடுத்தாலும், உள்ளூர்ப் பொலிஸ்காரனைக் கூப்பிட்டு "தம்பி, பிடி" என்று சொல்லத்தான் எனக்கு அதிகாரம். அவன் பிடித்தால் பிடித்தான். பிடிக்காவிட்டால் நான் ஒரு அறிக்கை எழுத வேண்டும். இருபத்தியொரு வருஷம் பொலிஸில் இருந்தவனுக்கு இது என்ன உத்தியோகம், சொல்லு.

சண்டையால் ஊரைவிட்டு ஓடிவந்த சனம் தங்கியிருக்கும் முகாம் இது. முகாம் பொலிஸுக்கு முறைப்பாடு எடுக்கப் பழக்குவதுதான் என் வேலை. எங்கள் அலுவலகம் ஒரு கொள்கலன். உள்ளே ஆறு நாட்டு ஆட்கள். ஏ.சி.யை எத்தனையில் வைப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் சமாதானம் வரவில்லை.

ஓகஸ்டில் பதவி உயர்வுக்கான இன்டர்வியூ. அதற்கும் துஆ கேள்.

மிஹ்லார்


மருதமுனை
09.03.2025

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நோன்பு எட்டு முடிந்தது. எனக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். உங்கள் வயிற்றுக்கு வெந்தயம் ஊறப்போட்டுக் குடியுங்கள். பெட்டியின் மூலையில்தான் கட்டி வைத்தேன். தேடியே பார்த்திருக்கமாட்டீர்கள்.

நீங்கள் போன நாளிலிருந்து நம்மட வீடு யூ.என். கந்தோராகிவிட்டது. தெருவில் போகிறவர்களெல்லாம் உள்ளே வருகிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார்கள் மூன்று பேர் வந்து, பின்தெரு வடிகானில் தண்ணீர் தேங்கும் பிரச்சினையை எழுதி, நூற்றுப் பதினாறு பேர் கையொப்பம் வாங்கி, ஒரு கட்டுக் கடதாசியைத் தந்துவிட்டுப் போனார்கள். அதை நீங்கள் நேரே யூ.என். தலைவரின் கையில் கொடுக்க வேண்டுமாம். "என்ட மனிசனுக்கு மேல ஒரு தொகை ஆக்கள் இரிக்காங்க" என்றேன். "நீங்க சும்மா இரிங்க மகள், அவர் ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்" என்கிறார்கள். நோன்பு வாயோடு எத்தனை பேரோடு கதைக்கிறது?

ஆனால் ஒரு விஷயம் உண்மையான விஷயம். நம்மட ஊர் சல்மா உம்மா வந்தார். தொண்ணூறாம் ஆண்டு காத்தான்குடியில் சாரன் துணி விற்றுவிட்டு லொறியில் திரும்பி வரும்போது, ஆயுதத்தோடு நின்றவர்கள் றோட்டில் மறித்து இறக்கிக் கொண்டுபோன ஆட்களில் ஒருவர் அவருடைய மனிசன் மீராசா. உங்களுக்குத் தெரியும்தானே. அவர்களைப் புதைத்ததாகச் சொல்லும் இடத்தைத் தோண்ட கோர்ட்டில் உத்தரவு கிடைத்துவிட்டது. சட்டத்தரணி சப்ரி காணாமற்போனவர்களின் பட்டியல் போடுகிறார். முன்பே பொலிஸில் முறைப்பாடு கொடுத்தவர்கள் அந்த இலக்கத்தைக் கொண்டுவந்தால் முதலில் சேர்ப்பாராம்.

சல்மா உம்மா 2014இல் உங்களிடம்தான் கொடுத்தாராம். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "மையித்தக் காணாம எப்புடி மகள் இத்தா இரிக்கிற? முப்பத்தஞ்சி வருஷமா நான் விதவையுமில்ல, புருஷன் உள்ளவளுமில்ல. ஒரு எலும்பு கிடைச்சாலும் போதும், நாலு மாசம் பத்து நாள் உள்ளுக்கு இருந்து என்ட கடமையச் செஞ்சிருவன்" என்றார்.

அந்த இலக்கத்தை உடனே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
றாஹிலா


3ஆம் இலக்க முகாம்
02.04.2025

அன்பின் றாஹிலா,

ஸலாம். பெருநாள் வாழ்த்து உனக்கும் மகளுக்கும். நான் ஒரு நைஜீரியாக்காரரோடும் இரண்டு வங்காளதேசத்தாரோடும் கொள்கலனுக்குப் பின்னால் தொழுதேன். வட்டிலப்பத்தை நினைத்துக்கொண்டு பிஸ்கட் சாப்பிட்டேன். வெந்தயம் கிடைத்தது.

வடிகானுக்கு யூ.என். வராது என்று மரைக்கார்மாருக்குச் சொல். மாநகர சபைக்குப் போகட்டும்.

இங்கே எனக்குத் தலை வெடிக்கிறது. டேனியல் என்று ஒரு பொலிஸ்காரன், முறைப்பாட்டு மேசைக்கு நான் பழக்கிக்கொண்டிருப்பவன். போன கிழமை ஒரு பெண் வந்தாள். விறகு எடுக்கப் போன தம்பியை மூன்று நாளாகக் காணவில்லை என்று அழுகிறாள். இவன் தலையை ஆட்டி ஆட்டி எழுதுகிறான். நல்லது, பழகிவிட்டான் என்று பின்னால் போய் நின்று பார்த்தால், புத்தகத்தில் ஒரு எழுத்தில்லை. கோடு கோடாகக் கிறுக்கி வைத்திருக்கிறான்! அவள் போகட்டும் என்று நடிக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் மொழிபெயர்ப்பாளரும் பயந்துபோனார். "எழுதாம விட்டா அந்த ஆள ரெண்டாந்தரம் காணாமலாக்கினது நீதான்" என்று ஏசினேன். பெரிய அதிகாரி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த பயிற்சியில் இதைச் சொல்லுங்கள் என்று பாராட்டினார்.

சல்மா உம்மாவின் விஷயம் பழைய கதை. புத்தகம் ஸ்டேஷனில் இருக்கும். அங்கே கேட்கச் சொல்.

மிஹ்லார்


மருதமுனை
19.04.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். நீங்கள் மெலிந்துவிட்டீர்கள் என்று படத்தைப் பார்த்து றிபா சொல்கிறாள்.

ஸ்டேஷனில் கேட்டாகிவிட்டது. நீங்கள் அப்போது வேலை செய்த ஸ்டேஷனுக்கு சப்ரியே போனார். 2014ஆம் ஆண்டுப் புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்து, இரண்டு நாள் இருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியிருக்கிறார். சல்மா உம்மாவின் பெயர் இல்லை.

அவர் அடித்துச் சொல்கிறார்: "நான் போனது செவ்வாக்கிழம. ஐயா எனக்குக் கதிர தந்தாரு, பிளேன்டீ எடுத்துத் தந்தாரு. எனக்கு மறதியில்ல மகள்." வேறு புத்தகத்தில் எழுதினீர்களா? தனிக் கோப்பு ஏதும் இருந்ததா? யோசித்து எழுதுங்கள். ஓகஸ்ட் பதினைந்தோடு பட்டியலை மூடுகிறார்கள்.

மரைக்கார்மார் இப்போது வடிகான் மனுவை இங்கிலீஷில் மொழிபெயர்க்கிறார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

றாஹிலா


3ஆம் இலக்க முகாம்
30.05.2025

அன்பின் றாஹிலா,

ஸலாம். பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. மழை தொடங்கிவிட்டது. முகாமில் முழங்காலளவு சேறு. வண்டி புதைந்தால் அதற்கு ஒரு படிவம், இழுத்தெடுத்தால் இன்னொரு படிவம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மாட்டிறைச்சிப் பங்கை நம்மட பின்வீட்டுக்கும் மறக்காமல் அனுப்பு.

சல்மா உம்மா வயசு போன மனிசி. பதினொரு வருஷத்துக்கு முந்தியது யாருக்கு ஞாபகம்? வேறு எங்காவது கொடுத்திருப்பார். இப்போது புதிதாக ஒரு முறைப்பாடு கொடுக்கச் சொல். அரை மணித்தியால வேலை. இதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

றிபாவின் பரீட்சை எப்படி?

மிஹ்லார்


மருதமுனை
03.06.2025

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நாற்பத்தியொரு நாள். நாற்பத்தியொரு நாள் கழித்து எனக்கு வந்தது சேறும் படிவமும் மாட்டிறைச்சியும்!

பெரிதாக்குகிறது யார் என்று கேளுங்கள். நேற்றுப் பள்ளிவாசல் கட்டடத்தில் சப்ரி எல்லோரையும் கூப்பிட்டார். நானும் சல்மா உம்மாவோடு போனேன். புதிதாக முறைப்பாடு கொடுப்பவர்களைத் தனியாக விசாரிப்பார்களாம். நட்டஈட்டுக்காக இப்போது கிளம்பி வந்தவர்களா என்று பார்க்கத்தானாம். அதற்கே ஒரு வருஷம் போகுமாம். சல்மா உம்மா எழும்பி, "நான் புதுசா வரல்ல, நான் அப்பவே குடுத்தவள்" என்றார். மரைக்கார் ஒருவர், உங்களுக்குத் தெரிந்தவர்தான், பெயர் எழுதமாட்டேன், சபைக்கு நடுவில் சொன்னார்: "புத்தகத்தில இல்லாதத இருக்கிண்டு சொல்லாதீங்க. வயசுக்காச்சும் பொய் பேசாம இரிங்க." அந்த மனிசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

வரும் வழியில் என்னிடம் கேட்டார்: "ஐயா எழுதாம விட்டிருப்பாரோ மகள்?" நான், "என்ட மனிசன் அப்புடிச் செய்யிற ஆளில்ல" என்றேன். அல்லாஹ்வின் மேல் சத்தியம் பண்ணிச் சொன்னேன்.

நான் செய்தது பொய்ச் சத்தியமா? எழுதினீர்களா, இல்லையா? ஓம் அல்லது இல்லை. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

றாஹிலா


3ஆம் இலக்க முகாம்
28.06.2025

அன்பின் றாஹிலா,

ஸலாம்.

இல்லை.

நீ கேட்டது ஒரு சொல்தான். ஆனாலும் சொல்ல விடு. அந்த வருஷம் காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆணைக்குழு வருகிறது என்று சனம் வரிசையாக வந்தது. பழைய முறைப்பாடுகளை எழுதினால் முடிக்காத வழக்குகளின் கணக்குக் கூடும், ஆட்களைப் பக்குவமாகக் கதைத்து அனுப்புங்கள் என்று மேலிடம் வாயால் சொன்னது. வாயால் சொன்னதற்கு என்னிடம் எழுத்தில்லை. சல்மா உம்மா கதைத்துக்கொண்டிருந்தார். நான் எழுதிக்கொண்டிருந்தது எங்கள் ஆட்களின் லீவு அட்டவணை. பக்குவமாக அனுப்பத்தான் பிளேன்டீயும் கொடுத்தேன்.

என் ஒருவனுடைய பிழை மட்டும் இல்லை அது. எல்லோரும் செய்தார்கள்.

இன்டர்வியூவுக்கு இன்னும் ஒன்றரை மாசம். இது வெளியில் வந்தால் பதவி உயர்வும் இல்லை, இங்கேயிருந்தும் திருப்பி அனுப்புவார்கள். றிபாவின் முகத்துக்காகவாவது யாரிடமும் சொல்லாதே. இந்தக் கடிதத்தை அழித்துவிடு.

மிஹ்லார்


மருதமுனை
05.07.2025

மச்சான்,

ஸலாம் சொல்லாமல் எழுதக் கூடாது, அதனால் சொல்கிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பைப் பற்றிக் கேட்க இன்றைக்கு எனக்கு மனமில்லை.

யாருக்கும் காட்டவில்லை. அழிக்கவும் இல்லை.

எழுதாமல் விட்டால் அந்த ஆளை இரண்டாம் தரம் காணாமலாக்குவது என்று சொன்னது இந்த வாய்தானே? பெரிய அதிகாரி பாராட்டினார் என்று பெருமையாக எனக்கு எழுதியது இந்தக் கைதானே? எங்கேயோ கிடக்கிற டேனியலுக்கு ஏசத் தெரிகிறது. யா அல்லாஹ், எனக்கு உங்களோடு என்ன கதைப்பதென்றே தெரியவில்லை. சல்மா உம்மா பள்ளிப் பக்கம் போகிறதை விட்டுவிட்டார். கடைக்கும் பின்தெருவால் போகிறார், தெரியுமா?

சப்ரியிடம் உங்கள் பெயரைச் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். அந்த உத்தியோகத்தர் தன் கையால் சத்தியக்கடதாசி எழுதி, இந்தப் பெண் இன்ன நாளில் வந்து முறையிட்டார், நான்தான் பதியவில்லை என்று சொன்னால், கோர்ட் அதை ஏற்கலாமாம். சப்ரி மடையனில்லை. யாரென்று அவர் கேட்கவில்லை.

எழுதுங்கள். இன்டர்வியூ போனால் போகட்டும். நான் இன்ஸ்பெக்டரின் பொஞ்சாதியாகவே மௌத்தாகிறேன், எனக்கு ஒரு குறையுமில்லை.

றாஹிலா


3ஆம் இலக்க முகாம்
20.07.2025

அன்பின் றாஹிலா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கால் வீக்கத்தை டொக்டரிடம் காட்டினாயா?

நீ எழுதியதை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். கோபம் வந்தது. உன்மேல்தான் வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. டேனியல் இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறான். ஆடு காணாமற்போனாலும் இரண்டு பக்கம். விறகுக்குப் போன அந்தத் தம்பியைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அக்காவின் கையில் இலக்கம் இருக்கிறது. ஒவ்வொரு திங்களும் அந்தத் துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, என்ன நடந்தது என்று அதிகாரத்தோடு கேட்கிறாள். எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சத்தியக்கடதாசி எழுதுகிறேன். ஆனால் சல்மா உம்மா அன்றைக்கு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. நீ போய்க் கேட்டு எழுது. நான்தான் எழுதாமல் விட்டேன் என்று நீயே அவரிடம் சொல்லிவிடு. எனக்கு அதற்கு முகமில்லை.

மிஹ்லார்


மருதமுனை
27.07.2025

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். காலைக் காட்டினேன், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.

போனேன். சொன்னேன். என் பொய்ச் சத்தியத்துக்கும் மன்னிப்புக் கேட்டேன். நான் அழுதேன், அவர் அழவில்லை. "நீ என்னத்துக்குகா அழுற, நீயா எழுதாம விட்ட?" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். பிறகு கொப்பியை எடுக்கச் சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். அப்படியே எழுதியிருக்கிறேன்:

மீராசா. அப்போது வயது முப்பத்தாறு. ஐந்தடி நான்கங்குலம். நீலமும் வெள்ளையும் கோடு போட்ட சாரன், மஞ்சள் சேட்டு. இடது கைச் சின்ன விரல் லொறியின் பின்பலகையில் நசுங்கி முறிந்து, கோணலாகப் பொருந்தியது. மேல்வரிசையில் ஒரு பல் பாதி உடைந்தது. தோண்டுகிறவர்கள் அந்த விரலைப் பார்க்க வேண்டுமாம். "அண்டைக்கும் நான் இந்த வெரலத்தான் ரெண்டு தரம் சொன்னன்" என்றார்.

கடைசியில் ஒன்று சொன்னார். "அண்டைக்கு ஐயா என்னிட்டக் கேட்டது ஒரேயொரு கேள்விதான். அது என்னண்டு ஒனக்குச் சொல்லமாட்டன். அவருக்குத் தெரியும். அத அவர்ர கையால எழுதட்டும். அது இல்லாத கடதாசி எனக்கு வேணாம், அந்தப் பட்டியலும் வேணாம்."

நான் கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. என்ன கேட்டீர்கள் மச்சான்? ஒன்றும் ஞாபகமில்லை என்று எழுதினீர்களே. இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது.

றாஹிலா


3ஆம் இலக்க முகாம்
04.08.2025

அன்பின் றாஹிலா,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உங்கள் இருவரையும் நல்லபடி வைத்திருக்கட்டும்.

ஞாபகமில்லை என்று எழுதியது பொய். இத்தோடு உள்ளதை எங்கள் நாட்டுக் குழுவின் தலைவர் முன்னால் கையொப்பமிட்டேன். அவர் வாசித்துவிட்டு, கடைசிப் பந்தியை வெட்டினாலும் கோர்ட்டுக்குப் போதும் என்றார். இருக்கட்டும் என்றேன். மூலப் பிரதியை லீவில் வரும் ஒருவர் பத்தாம் திகதி சப்ரியின் கையில் கொடுப்பார். முதலில் சல்மா உம்மாவுக்கு வாசித்துக் காட்டு. சத்தமாக வாசி. பிறகு நீ என்ன நினைத்தாலும் எனக்கு எழுது.

மிஹ்லார்


சத்தியக்கடதாசி

மருதமுனையைச் சேர்ந்த பொலிஸ் பரிசோதகர் மிஹ்லார் ஆகிய நான், அல்லாஹ்வின் மீது சத்தியமாகக் கூறுவதாவது:

2014ஆம் ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், நான் கடமையிலிருந்த முறைப்பாட்டு மேசைக்கு சல்மா உம்மா வந்து, 1990இல் கொண்டுசெல்லப்பட்ட தன் கணவர் மீராசா பற்றி முறையிட்டார். ஆளின் வயது, உயரம், உடை, உடைந்த பல், இடது கைச் சின்ன விரலின் பழைய முறிவு ஆகியவற்றைச் சொன்னார். விரலைப் பற்றி இரண்டு தரம் சொன்னார். அவர் உண்மை பேசினார். அந்த முறைப்பாட்டை நான் பதியவில்லை. அது என் பிழை.

அவர் சொல்லி முடித்ததும் நான் அவரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டேன். "இருபத்திநாலு வருஷமாச்சே, ஒங்கட மனிசன் எங்கயாச்சும் வேற கலியாணம் முடிச்சிக்கிட்டு சந்தோஷமா இரிக்காரோ என்னமோ?" என்று கேட்டேன். பக்கத்து மேசையில் இருந்த இருவர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சல்மா உம்மா கதிரையிலிருந்து எழும்பி, "எழுதிட்டீங்களா ஐயா?" என்று கேட்டார். "ஓம், எழுதிட்டன், நீங்க போங்க" என்று சொன்னேன்.